மாட்டினால் போதாது, பூட்ட வேண்டும்

பள்ளிச் சுற்றுலாக்கள் ஆரம்பித்துவிட்டன. முட்டுக்காடு படகுத் துறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஆசிரிய நண்பர்களே, 30 வருஷம் அதே வேலை பார்த்தவன் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

"எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டாச்சு சார்" என்று தலையை எண்ணுகிறீர்கள். யாருக்கு என்ன அளவு? ஆறாம் வகுப்புப் பையன் மேல் பெரியாள் ஜாக்கெட் தொங்குகிறது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மிதக்கும். பையன் அதற்குள்ளிருந்து நழுவிவிடுவான்.

பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பொருத்துகிறவர் எடை, உயரம், வயது, பூட்ஸின் நீளம், ஓட்டும் திறமை எல்லாம் கேட்டுத்தான் பூட்டின் இறுக்கத்தை வைப்பார். கால் முறியாமல் இருக்க அவ்வளவு கேள்வி. இங்கே உயிருக்கு ஒரு கேள்வி கிடையாது.

ஜாக்கெட்டில் எடை அளவு அச்சிட்டிருக்கும், படியுங்கள். பக்கிள் எல்லாவற்றையும் பூட்டி, பக்கவாட்டுப் பட்டைகளை இழுங்கள். பிறகு இரண்டு தோளிலும் ஜாக்கெட்டைப் பிடித்து மேலே தூக்குங்கள். தாடைக்கு மேல் ஏறினால் தளர்வு. சின்னப் பிள்ளைகளுக்குக் கால்களுக்கிடையே போகும் பட்டையும் வேண்டும்.

"வரிசை நிக்குது, நேரமில்லை." 40 பிள்ளைக்கு அரை நிமிஷம் வீதம் 20 நிமிஷம். பஸ்ஸில் என்ன பாட்டுப் போடுவது என்று அதைவிட நேரம் சண்டை நடக்கிறது!

"தண்ணி இடுப்பளவுதான்." யார் இடுப்பு?

2024 ஜனவரி 18, வதோதரா ஹர்ணி ஏரி. படகு கவிழ்ந்து, சுற்றுலா போன 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். பலர் மேல் ஜாக்கெட்டே இல்லை.

பொருந்துகிற ஜாக்கெட் இல்லையென்றால் அந்தப் பிள்ளையைப் படகில் ஏற்றாதீர்கள். அழுவான். நீங்களும் அவனோடு கரையில் உட்கார்ந்து, ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.