கடலை போதும்... தூண்டில் போடலாம் வாங்க!

பெசன்ட் நகர் பீச்சில் மணிக்கணக்காகக் கடலை போட்டிருப்பீங்க. மிளகாய் பஜ்ஜி மேய்ஞ்சிருப்பீங்க. ரிசல்ட் வந்த அன்னிக்கு அலையைப் பார்த்து, ‘அடுத்த செம்ல பாத்துக்கலாம்டா’னு சபதம்கூட எடுத்திருப்பீங்க. ஆனா பாஸ், அந்தக் கடலை... அதாவது தண்ணி இருக்கிற நிஜக் கடலை, கரையிலேர்ந்து பத்து கிலோமீட்டர் உள்ளே போய்ப் பார்த்திருக்கீங்களா?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறுனு கூப்பிடு தூரத்தில் கடலை வெச்சுக்கிட்டு, நம்ம பயணம் முழங்கால் தண்ணியோட முடிஞ்சு போகுது. அதுக்கு அப்புறம் இருக்கிறது என்னனு தெரிஞ்சுக்க ஒரு சூப்பர் வழி இருக்கு. அதுதான் இந்த வாரம் – ‘பிக் கேம் ஃபிஷிங்’.

‘கேம்’னா இங்கே விளையாட்டு இல்லை, வேட்டை. வலை கிடையாது. ஒரு கம்பு, ஒரு ரீல், ஒரு நூல். அந்தப் பக்கம் உங்க தங்கச்சி வெயிட்ல ஒரு மீன். யார் ஜெயிக்கிறாங்கனு பார்க்கிற சமாசாரம்.

வெள்ளைக்காரன் விளையாட்டா?

பேரைக் கேட்டா ஃபாரின் சரக்குனு தோணும். பாதி நிஜம். இதுக்கு உலக அளவில் ரெக்கார்ட் புக் எழுதுற ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு ஆரம்பிச்சது 1939-ல. 1953-ல பெரு நாட்டுக் கடல்ல ஆல்ஃபிரட் கிளாஸல்னு ஒருத்தர் தூண்டில்ல இழுத்த கறுப்பு மார்லின் மீனோட எடை 707 கிலோ! கிட்டத்தட்ட ஒரு சின்ன கார்.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. மெட்ராஸ் சிவில் சர்வீஸ்ல வேலை பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுறது எப்படினு 1873-லயே ஒரு புத்தகம் போட்டாரு. 1887-ல நம்ம ஏரி, குளத்துல தூண்டில் போடுறதுக்குனே தனியா இன்னொண்ணு.

ஆனா ஒரு நிமிஷம். துரைமாருங்க ரீல் சுத்த ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே, நாலு கட்டையைச் சேர்த்துக் கட்டின கட்டுமரத்துல போய், வெறுங்கையில் நூலைப் பிடிச்சு சுறாவை இழுத்துட்டு வந்தது நம்ம குப்பத்து ஆளுங்க. அந்தக் ‘கட்டுமரம்’ங்கிற சொல்தான் இன்னிக்கு இங்கிலீஷ் டிக்‌ஷனரியில ‘கேட்டமரன்’. அதனால ‘நாங்க பிக் கேம் போறோம்’னு நொச்சிக்குப்பம் பக்கம் போய் சீன் போட்டா, சிரிப்பாங்க. ஜாக்கிரதை!

‘பார்’ தெரியுமா பார்?

(நீங்க நினைக்கிற ‘பார்’ இல்லை!) கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டுக்கும் பவளத் திட்டுக்கும் நம்ம மீனவர்கள் வெச்சிருக்கிற பேர் ‘பார்’. மணல் தரை கடலுக்குள்ளே ஒரு பாலைவனம் மாதிரி. பார் இருந்தா அதுதான் ரங்கநாதன் தெரு. பாசி பிடிக்கும், பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குப் பாரையும் சீலாவும் வரும், அதுங்களுக்குச் சுறா வரும்.

அதனாலதான் மரக்கிளையையும் கல்லையும் கட்டி இறக்கி, மீனைக் கூப்பிடுற வித்தை நம்ம கடற்கரையில் பழசு. இப்போ மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மாதிரி ஆளுங்க கான்கிரீட்ல செஞ்சு இறக்குறாங்க. பேர், செயற்கைப் பார். சிவில் டிபார்ட்மென்ட் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

நிஜப் பவளப் பார் வேணும்னா? தமிழ்நாட்டுல மன்னார் வளைகுடா. ஆனா அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986-லயே தேசியப் பூங்கா ஆக்கியாச்சு. தூண்டிலோட அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதீங்க. பவளத்தை உடைச்சாலே குத்தம். 2001-லேர்ந்து புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் பவளத்துக்கும்.

தூண்டில்காரங்க கனவு காண்கிற பார் இருக்கிறது அந்தமான்ல. சென்னையிலேர்ந்து சுமார் 1,350 கிலோமீட்டர். ஃப்ளைட்டுல ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, கப்பல்ல கிட்டத்தட்ட மூணு நாள். அங்கே ஹீரோ யார்னா ‘ஜயன்ட் டிரெவலி’ங்கிற ராட்சசப் பாரை. 2006-ல ஜப்பான்ல பிடிச்ச உலக ரெக்கார்ட் மீன் 72.8 கிலோ. இந்த ஜாதி மீன், தண்ணிக்கு மேல பறக்கிற பறவையைத் தாவிப் பிடிச்சு முழுங்குறதை 2017-ல பி.பி.சி. படமே பிடிச்சிருக்கு. மீனா, மிசைலானு சந்தேகம் வரும்!

அந்தமான் ட்ரிப்புக்கு ஆகுற காசுல ஒரு லேப்டாப் வாங்கிடலாம். அதனால முதல் ரவுண்டு நம்ம ஊர்க் கடல்லயே ஆரம்பிப்போம்.

ஒரு நாள்... நாலு பேர்...

காலை 4 மணி. ஹாஸ்டல்ல கும்பகர்ணன்களை எழுப்புறதுதான் நிஜமான பிக் கேம். 5 மணிக்கு ஈ.சி.ஆர். ஓரத்துல ஒரு குப்பம். ஃபைபர் படகு, பின்னாடி மோட்டார். படகை அலையில் தள்ளி ஏத்துறப்போ முதல் ஷாக். ‘குந்து தம்பி, எழுந்து நிக்காத’ம்பார் படகு அண்ணன். குந்திடுங்க. அங்கே அவர்தான் எச்.ஓ.டி.

பாதி வழியில் ஒருத்தன் முகம் பச்சை ஆகும். வாந்தி கன்ஃபர்ம். கீழே குனிஞ்சு செல்போனை நோண்டாம, தூரத்து அடிவானத்தையே பார்க்கச் சொல்லுங்க. ராத்திரி பரோட்டா வேண்டாம்னு முந்தின நாளே சொல்லுங்க.

பார் எங்கே இருக்குனு அண்ணனுக்கு எப்படித் தெரியும்? இப்போ ஜி.பி.எஸ். இருக்கு. அது வராத காலத்துல, கரையில தெரியுற ரெண்டு உயரமான அடையாளத்தை ஒரே கோட்டுல கொண்டு வருவாங்க. இன்னொரு பக்கம் இன்னும் ரெண்டை ஒரே கோட்டுல நிறுத்துவாங்க. கோடு ரெண்டும் வெட்டிக்கிற இடம்தான் பார். நாம ப்ளஸ் டூவுல முக்கி முக்கிப் படிச்ச கணக்கு, அவங்களுக்குக் கண்ணாலயே வரும்.

இடம் வந்ததும் மூணு வழி. படகுக்குப் பின்னாடி பொய் இரையை இழுத்துட்டே போறது – வஞ்சிரம், சூரை, அதிர்ஷ்டம் இருந்தா மயில்மீன். தண்ணி மேல ‘பொளக் பொளக்’னு சத்தம் போடுற இரையை வீசி இழுக்கிறது – பாரைக்கு. இரும்புத் துண்டு மாதிரி இரையை அடிவரைக்கும் இறக்கி மேலே கீழே ஆட்டுறது – கலவா ஜாதிக்கு.

அப்புறம்? ஒண்ணும் நடக்காது. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். வெயில் மண்டையைப் பொளக்கும். ‘பேசாம சத்யம் போயிருக்கலாம்டா’னு ஒரு குரல் வரும். சரியா அப்போ ரீல் அலறும் பாருங்க... தூக்கம், வாந்தி, இன்டர்னல் மார்க் எல்லாம் மறந்து போகும்!

மயில்மீன் பத்தி ஒரு பொய்யை உடைச்சுடுவோம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துல நீந்தும்னு குவிஸ்ல எல்லாம் கேட்பாங்க. 2010-கள்ல கருவியெல்லாம் கட்டி அளந்து பார்த்ததுல, அதுங்க காட்டின உச்சம் 30, 35 கிலோமீட்டர் பக்கம்தான். நம்ம 29சி பஸ் ரோடு காலியா இருந்தா ஜெயிச்சுடும்!

மெக்கானிக்கல் கார்னர்

ரீலுக்குள்ளே இருக்கிறது பைக் கிளட்ச் மாதிரி தட்டுங்க. மீன் ரொம்ப வேகமா இழுத்தா நூல் அறுந்துடாம, வழுக்கி விட்டுக்கொடுக்கும். நூல் 30 கிலோ தாங்கும்னா, கிளட்ச்சை 10 கிலோவுக்குள்ள வெக்கிறது வழக்கம். ஏன் அவ்ளோ கம்மினு கேட்கிறீங்களா? மீன் ஓட ஓட, ரீல்ல சுத்தின நூல் குறைஞ்சு அதோட ஆரம் சின்னதாகும். முறுக்குவிசை மாறலை. அப்போ ஆரம் பாதியானா நூல்ல இழுவிசை டபுள்! நீங்க எதையும் தொடாமலே 10 கிலோ 20 ஆகிடும். அந்த நேரத்துல பயந்துபோய் இன்னும் டைட் வெச்சா... ‘டப்’. மீன் டாட்டா காட்டிடும்.

இப்போதான் மேட்டரே...

மீன் படகு ஓரம் வந்தாச்சு. விடறதா, எடுத்துக்கிறதா?

‘பிடிச்சுட்டு விட்டுடுவோம்’ங்கிறதுதான் இந்த விளையாட்டோட கௌரவம். ஆனா தண்ணியில் போட்டுட்டா போதும்னு நினைக்காதீங்க. நீந்திப் போற மீன் பிழைச்சுடும்னு கேரன்ட்டி இல்லை. ஒரு மணி நேரம் போராடின மீன் களைச்சுத் தொங்கிப் போயிருக்கும், சுறாவுக்கு அது ஈஸி டிபன். அதனால, மெல்லிசு நூல்ல மணிக்கணக்கா ஆட்டம் காட்டுறது வீரம் இல்லை. கனமான நூல், சீக்கிரம் முடிக்கிற சண்டை – அதுதான் மரியாதை. முள், வாய் ஓரத்துல மட்டும் மாட்டுற வட்ட முள்ளா இருக்கட்டும். வயித்துக்குள்ளே போச்சுன்னா விட்டும் பிரயோசனம் இல்லை. கையை நனைச்சுட்டுத் தொடுங்க, காய்ஞ்ச கை அதோட வழவழப்பை உரிச்சுடும். செவுளைப் பிடிச்சுத் தொங்கவிட்டு போட்டோ வேண்டாம். மீனை வெளியே எடுத்ததும் நீங்களும் மூச்சைப் பிடிச்சுக்குங்க. உங்களுக்கு முட்டும்போது அதுக்கும் முட்டும். விட்டுடுங்க.

ஆழத்துப் பார்லேர்ந்து சடார்னு மேலே வர்ற கலவாவுக்கு இன்னொரு கஷ்டம். அழுத்தம் குறைஞ்சு காத்துப்பை உப்பி, வயிறு வாய்க்கு வந்துடும். விட்டாலும் கீழே போக முடியாம மிதந்தே சாகும். எடை கட்டி ஆழத்துக்கு இறக்கிவிடுற கருவி இருக்கு. அது இல்லைன்னா ஆழத்து மீனைத் தொந்தரவு பண்ணாதீங்க.

இனி கஷ்டமான கேள்வி. மாட்டினது பத்து கிலோ வஞ்சிரம். நீங்க ஸ்டைலா விடப் போறீங்க. பக்கத்துல படகு அண்ணன் நிக்கிறாரு. அந்த மீன், மார்க்கெட்ல அவர் வீட்டுக்குப் பல நாள் செலவு. நமக்கு அது ஸ்போர்ட், அவருக்கு அது சோறு. அவர் கண் எதிர்ல அதைத் தண்ணியில் விடறது தர்மமா, திமிரா?

என் கட்சி இதுதான்: கரையிலேயே பேசிடுங்க. குட்டி மீனும், முட்டை சுமக்கிற மீனும், மயில்மீனும் கடலுக்கு. சாப்பாட்டு மீன்ல ஒண்ணு ரெண்டு அண்ணன் வீட்டுக்கு. மிச்சம் கடலுக்கு. படகு வாடகையில பேரம் பேசாதீங்க. விடற மீனுக்கும் அவர் உழைச்சிருக்காரு இல்லையா? இதை முன்னாடியே பேசாம நடுக்கடல்ல முடிவு பண்ணினா, நமக்கு நல்ல பேர், அவருக்கு நஷ்டம். அந்த நல்ல பேர் நமக்கு வேணாம்.

லீவும் தடையும்

நம்ம லீவு மே மாசம். கிழக்குக் கடற்கரையில மீன்பிடித் தடையும் அப்போதான் – ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தமிழ்நாட்டுல 2001-ல 45 நாளா ஆரம்பிச்சு, 2017-ல 61 நாள் ஆச்சு. தடை விசைப்படகுக்குத்தான், சின்னப் படகு கரையோரம் போகும்னு லாஜிக் பேசலாம். ஆனா பெரிய படகுக்காரங்க ரெண்டு மாசம் சம்பாத்தியத்தை நிறுத்தி, மீன் பெருக வழி விடறாங்க. பொழுதுபோக்குக்குப் போற நாம பொறுக்க முடியாதா? அந்த ரெண்டு மாசம் முடிச்சுப் போடப் பழகுங்க பாஸ்.

அறுந்த நூலைக் கடல்ல வீசாதீங்க. ஆமைக்குச் சுருக்குக் கயிறு அதுதான். ஜனவரியிலேர்ந்து நம்ம பீச்சுக்கு முட்டையிட வர்ற ஆமைகளுக்காக 1988-லேர்ந்து ராத்திரி ராத்திரியா நடக்கிறது யாரு? மாணவர்கள் ஆரம்பிச்ச அமைப்புதான். நம்ம செட் மானத்தைக் காப்பாத்துங்க!

கடைசியா, உசுரு

பெசன்ட் நகர்ல நாம சாய்ஞ்சு நின்னு போட்டோ எடுக்கிற வெள்ளை வளைவு எதுக்குக் கட்டினது தெரியுமா? 1930 டிசம்பர் 30-ம் தேதி, மத்தவங்களைக் காப்பாத்தப் போய் அங்கேயே மூழ்கிப்போன கார்ல் ஷ்மிட் நினைவா. கரையிலயே அப்படின்னா, உள்ளே?

லைஃப் ஜாக்கெட் இல்லாத படகுல ஏறாதீங்க. நீச்சல் சாம்பியனா இருந்தாலும். பதிவு எண் இருக்கிற படகு, கையில ஐ.டி. கார்டு. முந்தின நாள் ராத்திரி ஹைதராபாத் இன்காய்ஸ் மையம் தர்ற அலை நிலவரம் பாருங்க. அவங்க சரின்னு சொல்லி, காலையில காத்தைப் பார்த்துட்டு அண்ணன் ‘வேணாம் தம்பி’ன்னா, அண்ணன் சொல்றதுதான் ஃபைனல். கரையில ஒருத்தருக்குத் திரும்பி வர்ற நேரத்தைச் சொல்லிட்டுப் போங்க. கடலோரக் காவல் 1093, கோஸ்ட் கார்ட் 1554. ரெண்டையும் இப்பவே செல்போன்ல ஏத்துங்க. குடிச்சுட்டு வர்றவனுக்குப் படகுல சீட் இல்லை, அவன் எவ்ளோ பெரிய நண்பேன்டாவா இருந்தாலும்!

இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிக்க ஆசையா? படகு வேணாம். காலையில பட்டினப்பாக்கம் லூப் ரோடு மீன் மார்க்கெட் போங்க. அங்கே உட்கார்ந்திருக்கிற அக்காங்ககிட்ட பத்து மீனோட பேரை மட்டும் கேட்டுக் கத்துக்குங்க. கால் கிலோ நெத்திலியாவது வாங்குங்க, சும்மா கேள்வி கேட்டா வாங்கிக் கட்டிப்பீங்க. எந்த மீனைப் பிடிக்கப் போறோம்னு பேர் தெரிஞ்ச அப்புறம் தூண்டிலைத் தொடலாம்.