வாசலில் இருந்து வாசல் வரை கணக்கிடுங்கள்

தமிழ்நாட்டில் இருந்து சாவுச் செய்தி வருகிறது. "எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள்? அதுவரை எடுக்காமல் வைத்திருக்கிறோம்" என்கிறார்கள். லூபோக் சீனாவில் இருக்கும் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பலர் டிக்கெட்டில் உள்ள நேரத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு தவறுகிறது.

முதலில் கடிகாரம். சிப்பாங்கில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் ஏறக்குறைய 4 மணி நேரம் பறந்து சென்னையில் இறங்கும்போது அங்கே 11.30தான். திரும்புகையில் அங்கே நண்பகல் 12 மணிக்கு ஏறினால் இங்கே மாலை 6.30 ஆகிவிடும். இரண்டு நாடுகளுக்கும் நேர வித்தியாசம் இரண்டரை மணி.

இதில் சூரியனின் பங்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தீர்க்கரேகையில் சுமார் 21.5 பாகை. ஆக 86 நிமிடம். மீதி அரசாங்கங்கள் வகுத்தது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி, சபா, சரவாக்கின் நேரத்துக்கு மாறியது. அதற்கு முன் வித்தியாசம் 2 மணி நேரமே. வேளை தவறாமல் மருந்து சாப்பிடும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உடம்புக்குத் தெரிவது கழிந்த நேரம்தான். ஊர்க் கடிகாரம் அல்ல.

அடுத்து தூரம். கோலாலம்பூர் விமான நிலையத்தில் இருந்து சென்னை நேர்வழியில் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர், திருச்சி 2,690. கூடுதல் 60 கிலோமீட்டரை ஜெட் விமானம் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். ஆனால் உறவினர் வீடு தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ இருந்தால், சென்னையில் இறங்குபவர் சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வானத்தில் மிச்சம் பிடித்த நிமிடங்கள் தரையில் மணிகளாகப் போய்விடும்.

காற்றும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் மேல்வானில் கிழக்கில் இருந்து மேற்காகப் பலத்த காற்று வீசுகிறது. இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் விளக்கிய காற்றோட்டம் இது. போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும்.

ஆகவே ஒரே கடிகாரத்தில் கூட்டுங்கள். சிப்பாங்குக்குக் காரில் ஒன்றரை மணி, முன்கூட்டியே 3 மணி, பறக்க 4 மணி, குடிநுழைவுக்கும் பெட்டிக்கும் ஒரு மணி. ஒன்பதரை மணி ஆயிற்று. அங்குள்ள சாலைப் பயணம் தனி. டிக்கெட் விற்கும் முகவர்கள் இந்த மொத்தக் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதையே ஆறாம் ஆண்டுக் கணிதப் பாடத்தில் கேள்வியாகக் கொடுக்கலாம். வீட்டில் ஒரு பிள்ளைக்கு இது தெரிந்திருந்தால், அந்தத் தொலைபேசி அழைப்புக்குச் சரியான பதில் கிடைக்கும்.