வெட்டுப்புள்ளியால் பாடசாலையை அளக்காதீர்கள்



தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் மூதூர் முதல் திருகோணமலை நகர் வரை பாடசாலை மதில்களில் பதாகைகள் ஏறிவிடுகின்றன. கழுத்துப்பட்டி கட்டிய பிள்ளைகளின் படங்கள், கீழே புள்ளிகள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியோர் எத்தனை பேர் என்பதை வைத்தே பாடசாலை நல்லதா கெட்டதா என்று ஊர் தீர்மானிக்கிறது. அதிபர்களிடம் மேலிடம் கேட்பதும் அதைத்தான். ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற வகையில் இதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

வசதி குறைந்த கெட்டிக்காரப் பிள்ளைக்கு உதவித்தொகையும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கவே இந்தப் பரீட்சை வந்தது. பாடசாலையை எடைபோட யாரும் இதை உண்டாக்கவில்லை.

என்னிடம் படித்த மீனவர் மகன் ஒருவனுக்கு, முதலாம் தரத்துக்கு வந்தபோது பென்சில் பிடிக்கத் தெரியாது. ஐந்தாம் தரத்தில், தகப்பனுக்குப் பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதங்களைத் தட்டுத்தடங்கலின்றி வாசித்துச் சொன்னான்; மீன் விற்ற காசை மனக்கணக்காகவே கூட்டினான். பரீட்சையில் 82 புள்ளி; வெட்டுப்புள்ளிக்குக் கீழே. பதாகையில் அவன் இல்லை. அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்த ஆசிரியர்களின் உழைப்பும் எந்தக் கணக்கிலும் வரவில்லை. மாலை வகுப்புக்குக் காசு கட்டிப் படித்த பிள்ளையின் புள்ளியோ பாடசாலையின் சாதனையாயிற்று.

வெட்டுப்புள்ளியே அளவுகோலாவதால் திறமையான ஆசிரியர்கள் ஐந்தாம் தரத்துக்கு இழுக்கப்படுகிறார்கள். எழுத்து தொடங்கும் முதலாம் தரம் யார் கையிலாவது போகிறது. நான்காம் தரத்திலேயே கடந்தகால வினாத்தாள்கள். சித்திரப் பாடவேளையும் விளையாட்டும் காணாமற் போகின்றன. இங்கிலாந்தில் 1862இல் பிள்ளைகளின் தேர்ச்சிக்கேற்பப் பாடசாலை மானியம் என்று விதித்தபோதும், பரிசோதகர் கேட்பதை மட்டும் உருப்போட வைத்தார்கள். 1890களில் அம்முறை கைவிடப்பட்டது. இங்கே இலங்கையில் 2024இல் புலமைப்பரிசில் பரீட்சை வினாக்கள் கசிந்து, மூன்று வினாக்களுக்கு எல்லோருக்கும் புள்ளி வழங்குமாறு உயர் நீதிமன்றமே பணிக்க வேண்டியதாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இவ்வளவு பாரமா?

மூதூருக்கு அருகேயுள்ள சம்பூரின் மக்கள் போரினால் 2006இல் இடம்பெயர்ந்து, 2015 முதற்கொண்டே ஊர் திரும்பினார்கள். அங்குள்ள பாடசாலையையும் நகரப் பாடசாலையையும் ஒரே வரிசையில் நிறுத்தி இலக்கமிடுவது அநியாயம்.

ஆரம்பப் பிரிவின் ஒவ்வொரு முதன்மை நிலைக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் ஏற்கெனவே உண்டு. ஆசிரியர்கள் பதிந்தும் வைக்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகங்கள் அந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்க்கட்டும். முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்றாம் தரம் முடியும்போது தாமாக வாசிக்கிறார்கள், ஆசிரியர் வெற்றிடம் எத்தனை மாதம் நிரப்பப்படாமல் கிடந்தது என்று கேட்கட்டும். அடுத்த பெறுபேறு வருமுன் மதில் பதாகைகளையும் நிறுத்த வேண்டும்.

இவ்வண்ணம்,
ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை,
மூதூர்.