மாணவர் விசா ஆவணங்கள் தொடர்பாக ஜொகூர் பெற்றோர் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்:
மாண்புமிகு மந்திரி பெசார் அவர்கள்,
ஜொகூர் மாநில அரசு, கோத்தா இஸ்கண்டார், இஸ்கண்டார் புத்ரி.

நகல்: தேசியப் பதிவு இலாகா, மாநிலக் கல்வி இலாகா, ஊழியர் சேமநிதி வாரியம் ஆகியவற்றின் ஜொகூர் மாநில அலுவலகங்கள்.

அனுப்புநர்: வெளிநாட்டில் படிக்கப் பிள்ளைகளை அனுப்பும் ஜொகூர் பெற்றோர்களின் சங்கச் செயலவை.

நாள்: ஆகஸ்ட் 2025

பொருள்: வெளிநாட்டுக் கல்விக்கான மாணவர் விசா ஆவணங்களைத் தயாரிப்பதில் உள்ள தடைகளை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்த பிள்ளைக்கு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்தின் மேல் பழியைப் போட்டுவிடுவது நம் வழக்கம். பெற்றோர் கொண்டுவந்து விரித்துக் காட்டிய கோப்புகளைப் படித்த பிறகு எங்களுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. தேர்ச்சி போதுமானதாகவே இருக்கிறது. பணமும் நகையை வைத்தோ நிலத்தை விற்றோ திரட்டியாகிவிட்டது. நம் நாட்டு அலுவலகங்களும் பள்ளிகளும் கொடுத்த தாள்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, அல்லது வேண்டிய நேரத்தில் கையில் இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான். இந்தச் சிக்கல்கள் இங்கேயே, அதிகச் செலவில்லாமல் தீர்க்கக்கூடியவை என்பதால் இம்மனுவைத் தங்கள் முன் வைக்கிறோம்.

பெயரும் எழுத்துக்கூட்டலும்

லாபிஸ், சிகாமட், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த தலைமுறையின் பெயர்கள் பல, அன்றைய கிராணியின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. அப்பாவின் பெயர் அவருடைய சூராட் பெரானாக் எனும் பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும், பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் வேறு விதமாகவும் இருக்கும். முத்து என்பதில் ஆங்கில எச் எழுத்து ஒரு தாளில் இருக்கும், மறு தாளில் இருக்காது. உள்நாட்டில் இது யாரையும் உறுத்துவதில்லை. அடையாள அட்டை எண் ஒன்றாக இருந்தால் ஆள் ஒருவர்தான் என்று விட்டுவிடுவார்கள். அயல்நாட்டு விசா அதிகாரிக்கோ நம்முடைய 12 இலக்க எண்ணால் ஒரு பயனும் இல்லை. அவர் பெயரைத்தான் பார்க்கிறார். வங்கிக் கணக்கில் இருக்கும் தந்தையும் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் தந்தையும் ஒருவர்தானா என்று அவர் கேட்பதில் தவறும் இல்லை.

இதோடு மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி சேர்ந்துகொள்கிறது. நமது கடப்பிதழில் பெயர் முழுவதும் ஒரே இடத்தில் வருகிறது. பல நாடுகளின் விசாப் படிவங்கள் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்திருக்கின்றன. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் சாய்கோட்டுக்கு இடமே கிடையாது. ஆகவே விண்ணப்பிக்கும் மாணவர் ஒரு முடிவுக்கு வந்து எழுதுகிறார், பல்கலைக்கழகம் வேறொரு முடிவுக்கு வருகிறது, மருத்துவப் பரிசோதனை நிலையம் மூன்றாவதாக ஒன்றைத் தட்டச்சு செய்கிறது. சேர்க்கைக் கடிதம் ஒன்றில் மாணவியின் குடும்பப் பெயரே ஏபி என்று அச்சாகியிருந்ததையும் பார்த்தோம். சிரித்துவிட்டுப் போகலாம்தான், ஆனால் அந்தக் கடிதத்தைத் திருத்தி வாங்குவதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது.

எனவே தேசியப் பதிவு இலாகாவின் வழியாகப் பெயர் உறுதிக் கடிதம் ஒன்றை மலாயிலும் ஆங்கிலத்திலும் வழங்க மாநில அரசு ஏற்பாடு செய்யக் கோருகிறோம். மாணவர், தாய், தந்தை மூவரின் பெயர்களும் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டுள்ளன, அவை அனைத்தும் இன்னாரையே குறிக்கின்றன, ஏ/எல், ஏ/பி என்பவை மகன், மகள் என்னும் உறவைக் காட்டுபவை, குடும்பப் பெயர் அல்ல என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஜொகூர்பாரு கோத்தாராயா கட்டடத்தில் உள்ள யுடிசி ஜொகூர் எனும் அரசுச் சேவை மையத்தில் இதற்கென ஒரு முகப்பு போதும். சேர்க்கைக் கடிதத்தோடு வருபவருக்குப் பத்து வேலை நாளுக்குள் கிடைத்தால் பாதிச் சுமை இறங்கும்.

கடிதம் தற்காலிக மருந்துதான். பிழையைத் திருத்துவது 1957ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி நடக்க வேண்டிய வேலை. அதற்குச் சத்தியப் பிரமாணமும் பழைய சான்றுகளும் தேவை என்பதையும், அவசரப்படுத்தக் கூடாது என்பதையும் ஏற்கிறோம். அதனால்தான் அதை நான்காம் படிவத்திலேயே தொடங்க வேண்டும் என்கிறோம். பிறப்புப் பத்திரம், மைகார்ட் எனும் அடையாள அட்டை, கடப்பிதழ், பள்ளிப் பதிவேடு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு கவுன்சலிங் ஆசிரியருக்கு மாணவர் ஒருவருக்குக் கால்மணி நேரம் ஆகும். ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வுப் பதிவுக்கு முன் இதைக் கட்டாயமாக்கும்படி மாநிலக் கல்வி இலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம். சான்றிதழில் பெயர் ஒருமுறை அச்சாகிவிட்டால் அதை மாற்றுவது தனிப் பெரும்பாடு.

சான்றிதழும் காலமும்

எஸ்பிஎம் 2023 முடிவுகள் 27 மே 2024 அன்று வெளிவந்தன. எஸ்பிஎம் 2024 முடிவுகள் 24 ஏப்ரல் 2025 அன்றே வந்துவிட்டன. ஒரு மாதம் முன்னதாக வந்ததற்கு நன்றி தெரிவிக்கிறோம். ஜூலையில் தொடங்கும் அடிப்படைக் கல்வி வகுப்புகளுக்குப் போகிறவர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் உயிர். ஆனால் அன்று கையில் கிடைப்பது முடிவுத் தாள் மட்டுமே, அசல் சான்றிதழ் பிறகுதான் வருகிறது. தாள் மலாயில் இருப்பதால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அக்கரையில் இருக்கும் சிங்கப்பூருக்குக்கூட, குடிநுழைவு ஆணையத்தின் சோலார் இணையத்தளத்தில் மாணவர் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது, ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். மொழிபெயர்ப்புக்காகக் கோலாலம்பூர்வரை ஆள் அனுப்பும் குடும்பங்கள் எங்கள் உறுப்பினர்களில் உண்டு.

பாடங்களின் பெயர்களும் தேர்ச்சிக் குறிகளும் எல்லா மாணவருக்கும் ஒன்றே. ஒரே வாசகத்தை ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே காசு கொடுத்து மொழிபெயர்ப்பது வீண் வேலை. மாநிலக் கல்வி இலாகா ஆங்கிலப் படிவம் ஒன்றை அங்கீகரித்துத் தலைமையாசிரியர் கையொப்பம், பள்ளி முத்திரையோடு வழங்கச் செய்ய வேண்டும். பள்ளி விடுப்புச் சான்றிதழையும் இரு மொழிகளில் தர வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது

இது ஜொகூருக்கே உரிய தொல்லை. எங்கள் உறுப்பினர்களில் பலர் விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்துவிட்டு இரவில் திரும்புகிறவர்கள். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளியில், செலவு ரிங்கிட்டில். அக்கரைக் கணக்கில் கொஞ்சம், இக்கரைக் கணக்கில் கொஞ்சம், பணமாற்றுக் கடையில் மாற்றி வீட்டில் வைத்தது மீதி. விசாவுக்காக எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போட்டதும் அறிக்கையில் திடீரென ஒரு பெருந்தொகை தெரிகிறது. நேர்மையாக உழைத்த பணம் கடன் வாங்கிக் காட்டிய பணம்போல் ஆகிவிடுகிறது.

பிரிட்டனுக்குப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும். மலேசியர்களிடம் வங்கி ஆவணத்தை விண்ணப்பத்தோடு பொதுவாகக் கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்டால் காட்டியாக வேண்டும். இந்தச் சலுகையைப் பணமே தேவையில்லை என்று புரிந்துகொண்டு மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா 10 மே 2024 முதல் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 ஆஸ்திரேலிய டாலர் காட்டச் சொல்கிறது, கல்விக் கட்டணமும் பயணச் செலவும் தனி. விசாக் கட்டணமோ 2024 ஜூன்வரை 710 டாலராக இருந்து, அதே ஆண்டு ஜூலையில் 1,600 ஆகி, 2025 ஜூலையில் 2,000 ஆகிவிட்டது. மறுக்கப்பட்டால் அது திரும்பி வராது. பிரிட்டனின் சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், படிப்புக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்குப் பணம் எடுக்கலாம். பெற்றோர் பலர் நம்பியிருப்பது அதைத்தான். எடுக்கத் தகுதியுள்ள தொகையைக் குறிப்பிட்டு வாரியம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தந்தால், அதை வங்கி அறிக்கையோடு இணைத்துப் பணத்தின் மூலத்தை விளக்க முடியும். விசாக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, மொழிபெயர்ப்பு போன்ற முன்செலவுகளுக்கு ஜொகூர் கல்வி அறக்கட்டளையான யாயாசான் பெலாஜாரான் ஜொகூர் வழியாக வட்டியில்லாக் குறுங்கடன் கிடைக்கவும் மாநில அரசு வழி செய்ய வேண்டும். உள்நாட்டுக் கல்விக்கு பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கிறது, வெளியே போகிறவருக்கு அதில் இடமில்லை.

ஏஜெண்டுகள்

எல்லா ஏஜெண்டுகளையும் நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் படிவத்தை நிரப்பியிருக்க முடியாத வீடுகள் நிறைய. ஆனால் ஆஸ்திரேலியா 23 மார்ச் 2024 முதல் உண்மையான மாணவர்தானா என்று அறியச் சில கேள்விகள் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 150 சொல்லுக்குள் பதில் எழுதச் சொல்கிறது. அந்தப் பதிலை மாணவருக்காக ஏஜெண்டே எழுதுகிறார், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் அதையே எழுதுகிறார். படிக்கும் அதிகாரிக்கு இது தெரியாமல் போகாது. கட்டணம் பாக்கி என்று அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்வது அதைவிட மோசம். மாநிலத்தில் இயங்கும் கல்வி ஏஜெண்டுகளின் பட்டியலை அரசு வெளியிட்டு, எழுத்து மூலமான கட்டண ரசீதைக் கட்டாயமாக்கி, அசல் ஆவணங்களை ஒரு நாள்கூட வைத்திருக்கக் கூடாது என்று அறிவிக்க வேண்டும்.

குடியுரிமை இல்லாத பிள்ளைகள்

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத பிள்ளைகளும் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். பெற்றோர் திருமணத்தைப் பதியாததால், அல்லது பிறப்பு உரிய நேரத்தில் பதியப்படாததால், இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்கள். அவர்களுக்குக் கடப்பிதழே கிடையாது, விசா எங்கே? கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் முடிவெடுப்பது உள்துறை அமைச்சின் அதிகாரம் என்பதை அறிவோம். ஐந்தாம் படிவத்தை எட்டிய பிள்ளைகளின் விண்ணப்பங்களை மாநில அரசு தனியாகத் தொகுத்துப் புத்ராஜெயாவுக்குப் பரிந்துரைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலவரத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும்.

பெயர் உறுதிக் கடிதத்தையும் நான்காம் படிவச் சரிபார்ப்பையும் முதலில் எடுத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். இவ்வாண்டு எஸ்பிஎம் தேர்வு தொடங்குமுன் சம்பந்தப்பட்ட இலாகா அதிகாரிகளையும் எங்கள் செயலவையையும் ஒரே கூட்டத்தில் சந்திக்கத் தாங்கள் ஒரு நாளை ஒதுக்கித் தர வேண்டும். பெற்றோரின் ஒப்புதலோடு, பெயரும் எண்ணும் மறைக்கப்பட்ட மாதிரிக் கோப்புகளையும் பெயர் உறுதிக் கடிதத்துக்கான வரைவையும் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், பொருளாளர்
(செயலவை சார்பில்)
ஜொகூர்பாரு