குளவிக் கூட்டுக்குத் தீப்பந்தம் வேண்டாம்

கதண்டு என்னும் குளவி கூடு கட்டிவிட்டால் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தீர்வு ஒன்றுதான். இருட்டும்வரை காத்திருந்து, நீளக் கம்பின் நுனியில் சாக்கைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் கூட்டோடு பொசுக்கிவிடுவார்கள். தீயணைப்பு வீரர்களும் பல இடங்களில் இந்த முறையையே கையாளுகிறார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இந்தப் பழக்கத்தை இனியும் தொடரக் கூடாது.

மரநாரை மென்று எச்சிலோடு குழைத்துக் கதண்டு செய்யும் காகிதமே அதன் கூடு. காய்ந்த பனையோலைகளுக்கு நடுவிலோ சீமைக்கருவேலம் புதரிலோ அது பற்றிக்கொண்டால், எரியும் துண்டுகள் காற்றில் பறக்கும். அருகிலேயே பட்டாசு ஆலை இருக்கலாம். அனுமதியின்றி வீடுகளில் பட்டாசு செய்வதும் இங்கே அடிக்கடி பிடிபடுகிறது. அடுத்த வீட்டில் என்ன மருந்து இருக்கிறது என்பது பந்தம் பிடிப்பவருக்குத் தெரியாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களையும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்களையும் வெடிவிபத்துகளில் இழந்த மண் இது. அந்த விபத்துகளுக்கும் குளவிக்கும் தொடர்பில்லை. ஆனால், ஒரு பொறி இங்கே என்ன செய்யும் என்பதை அவை சொல்லிவிட்டன.

எல்லாக் கூட்டையும் அழிக்கவும் தேவையில்லை. சுவர் மூலையில் மண்ணுருண்டையாக ஒட்டியிருப்பது தனித்து வாழும் குளவியின் கூடு. நாமாகப் பிடித்து நசுக்கினாலொழிய அது பெரும்பாலும் கொட்டாது. சன்ஷேடுக்கு அடியில் ஒரு காம்பில் தொங்கும், அறைகள் திறந்த சிறு காகிதக் கூடு இன்னொரு வகை. அந்த வகையைச் சேர்ந்த ரோபலிடியா மார்ஜினேட்டாவைத்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடாக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். இத்தகைய குளவிகள் புழுக்களைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டத்துக்கு அது நன்மைதான். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம்.

அஞ்ச வேண்டியது கதண்டுக்கே. கறுத்த உடலும் வயிற்றில் அகன்ற மஞ்சள் பட்டையும் அதன் அடையாளம். பனை, புதர், மரப்பொந்து, மண்வளை, பாழடைந்த சுவர் ஆகியவை அதன் இருப்பிடங்கள். தேனீயைப் போல ஒரு முறை கொட்டிக் கொடுக்கை இழப்பதில்லை. திரும்பத் திரும்பக் கொட்டும். ஒன்றை அடித்து நசுக்கினால் அதன் நஞ்சிலிருந்து கிளம்பும் வாடை மற்றவற்றை அழைத்துவிடும். கண்மாயில் புதர் வெட்டும் நூறு நாள் வேலையாட்களும் பனையேறிகளும்தான் பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள்.

ஆலைக்குள் ஆபத்து வேறு விதமானது. தீபாவளிக்குப் பின் ஆலைகள் சில வாரங்கள் மூடிக் கிடக்கின்றன. பட்டாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆளில்லாத அறையின் கூரையடி குளவிக்கு நல்ல இடம். திறந்த அன்றே மருந்து செலுத்த உட்கார்ந்தவரின் பிடரியில் குளவி கொட்டினால் அவர் துள்ளி எழுவார். கையில் இருக்கும் தட்டு விழும். வெடிக்க உராய்வு ஒன்றே போதும் என்றிருக்கும் இடத்தில் அந்தத் துள்ளல் சிறிய விஷயமல்ல. எனவே மருந்து உள்ளே வருவதற்கு முன்பே ஒவ்வொரு அறையின் கூரையடியையும் மரநிழலையும் போர்மேன் பார்த்துவிட வேண்டும். சிறு கூடாக இருக்கும்போதே அகற்றுவது எளிது.

கொட்டுப்பட்டவருக்குச் சுண்ணாம்பு தடவிக் காத்திருப்பதும் ஆபத்து. மூச்சுத் திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் நிமிடங்கள்தான் அவகாசம். அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும். ஏராளமான கொட்டுகள் விழுந்திருந்தால், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் சிறுநீரகம் பின்னர் செயலிழக்கக்கூடும். 108 ஆம்புலன்ஸை உடனே அழைக்க வேண்டும்.

இவற்றை மக்களின் பொறுப்பில் மட்டும் விட முடியாது. இந்த வட்டாரத் தீயணைப்பு நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் கொட்டு தாங்கும் முழு உடையும், நெருப்பின்றி இரவில் பூச்சிக்கொல்லித் தூள் அடித்துக் கூட்டை அகற்றும் கருவிகளும் பயிற்சியும் அரசு தர வேண்டும். கண்மாய் வேலை தொடங்கும் முன் ஊராட்சி புதர்களைப் பார்வையிட வேண்டும். ஆலை மறுதிறப்புக்கான பாதுகாப்புச் சோதனையில் குளவிக் கூடும் ஓர் இனமாக இடம்பெற வேண்டும். பெரிய செலவு எதுவும் இல்லாத இந்த ஏற்பாடுகளை அடுத்த தீபாவளிக்கு முன்பே மாவட்ட நிர்வாகம் செய்து முடிக்கலாம்.