பேதிக்கு என்ன காரணம் என்று யார் சொல்வது? பொது சுகாதார ஆய்வகப் பயிற்சி: ஒரு பார்வை

பழவேற்காடு ஏரியை ஒட்டிய சுண்ணாம்புக்குளத்தில், ஒரே தெருவில் நாலு பேருக்கு வாந்தி, பேதி என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு ஒத்துக்கலையா, இல்லை காலராவா? காலராவை உண்டாக்கும் விப்ரியோ கிருமி உவர்நீரில் இயல்பாகவே வாழக்கூடியது. அதனால் ஏரிக்கரை ஊர்களில் இது முக்கியமான கேள்வி. பதிலை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

சிக்கல் எங்கே?

ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே மல மாதிரியை எடுத்துவிடுவது நல்லது. ஆய்வகம் தூரம் என்றால் கேரி-பிளேர் ஊடகத்தில் வைத்து அனுப்ப வேண்டும். இதில் தவறினால், கிருமி இருந்தும் ‘நெகட்டிவ்’ என்று வரலாம். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா உறுதியானதும் பொது சுகாதார அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. ஒரு ரிப்போர்ட்டின் பலம் அவ்வளவு!

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

களத்துக்கும் ஆய்வகத்துக்கும் பாலமாக இருப்பவர்களை உருவாக்க ஐரோப்பா 2008-ல் ‘யூஃபெம்’ என்ற இரண்டு ஆண்டு ஃபெலோஷிப்பைத் தொடங்கியது. அமெரிக்காவின் சிடிசி, 2014-ல் தன் ஆய்வகங்களில் நடந்த பாதுகாப்புக் குளறுபடிகளுக்குப் பிறகு, 2015-ல் ஆய்வகத் தலைமைப் பயிற்சியைக் கொண்டுவந்தது. நோய்ப்பரவல் விசாரணை, உயிரிப் பாதுகாப்பு, தரக் கட்டுப்பாடு எல்லாம் இவற்றில் உண்டு.

இங்கே?

சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் 2001 முதல் களப் பயிற்சி தருகிறது. மத்திய அரசின் என்சிடிசி 2012-ல் ‘இந்தியா இஐஎஸ்’ பயிற்சியைத் தொடங்கியது. ஆனால் இரண்டுக்கும் மையம் களப் பரவலியல்தான். இஐஎஸ் பெரும்பாலும் மருத்துவர்களுக்கானது. எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவருக்கு? ஐசிஎம்ஆரின் வைரஸ் ஆய்வக வலையமைப்பில் வேலை கிடைக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். கற்ற அனுபவமும் ஆளோடு வெளியே போய்விடும்.

விண்ணப்பிக்கும் முன் கேளுங்கள்

உதவித்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஒரு நோய்ப்பரவல் விசாரணையிலாவது நேரடியாகச் சேர்ப்பார்களா? ஐஎஸ்ஓ 15189 தரத்தில் இயங்கும் ஆய்வகமா? வழிகாட்டி யார்? முடித்த பிறகு நிரந்தரப் பணியிடம் உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசு. கருவி வாங்க ஒரு டெண்டர் போதும். ஆனால் அதை இயக்கி, முடிவை அன்றைக்கே சுண்ணாம்புக்குளத்து செவிலியருக்குச் சொல்லும் ஆளை உருவாக்க இரண்டு வருடமாவது ஆகும். அவரைத் தக்கவைக்க ஒரு நிரந்தரப் பணியிடமும் வேண்டும்.