ஆள் இல்லாத கச்சேரி!

பாட்டுக் கச்சேரி என்றால் கூட்டம் வேண்டும். கை தட்ட வேண்டும். "ஒன்ஸ் மோர்" என்று கத்த வேண்டும். கூட்டம் சேராவிட்டால் பாடகரின் முகம் வாடிப்போகும்.

ஆனால், கேட்க ஆளே இல்லாத இடத்தில் ஒரு கச்சேரி நடந்தது. வேண்டுமென்றே அப்படி நடத்தினார்கள். அதைப் படமும் பிடித்தார்கள்.

அந்தப் படம் வெளிவந்து 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் பல நாடுகளில் அதைப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுச் சண்டையும் போடுகிறார்கள்!

என்ன சண்டை? அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தச் சண்டையில் நானும் ஒரு கட்சி.

யார் இவர்கள்?

"பிங்க் பிளாய்ட்" என்பது ஓர் ஆங்கில இசைக் குழு. 1965-ல் லண்டனில் தொடங்கியது. கித்தார், டிரம், ஆர்கன் இவைதான் வாத்தியங்கள்.

இவர்கள் வாசிப்பது "புரோகிரசிவ் ராக்" என்ற வகை. சாதாரண ராக் பாட்டு 3 நிமிடத்தில் முடிந்துவிடும். இவர்களுடைய பாட்டு 20 நிமிடத்துக்கும் மேலே ஓடும். நடுவில் பாட்டு நின்றுவிடும். காற்று ஊளையிடுவது போல ஒலி வரும். ஏதோ பறவை அலறுவது போல இருக்கும். "என்ன இது, ரேடியோ கெட்டுப் போச்சா?" என்று நாம் எழுந்து பார்ப்போம். அதற்குள் பாட்டு திரும்பி வந்துவிடும்.

1971-ல் குழுவில் நான்கு பேர். ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மோர், ரிக் ரைட், நிக் மேசன். வாட்டர்சும் கில்மோரும் கித்தார். ரைட் ஆர்கன். மேசன் டிரம்.

தொலைந்த பாஸ்போர்ட்

ஏட்ரியன் மேபன் என்று ஒரு டைரக்டர். பிங்க் பிளாய்டை வைத்துப் படம் எடுக்க அவருக்கு ஆசை. பெரிய ஓவியர்களின் படங்களையும், இவர்களுடைய இசையையும் கலந்து எடுக்கலாம் என்று யோசனை சொன்னார். குழுவினருக்கு அது பிடிக்கவில்லை.

1971-ம் ஆண்டு கோடையில் மேபன் இத்தாலிக்கு உல்லாசப் பயணம் போனார். பாம்பெய் நகரத்தைச் சுற்றிப் பார்த்தார். திரும்பியபோது சட்டைப் பையில் கையை விட்டால், பாஸ்போர்ட்டைக் காணோம்!

பாம்பெய்க்கே மறுபடியும் ஓடினார். பொழுது சாயும் நேரம். கூட்டம் போய்விட்டது. அங்கே உள்ள பழைய கல் அரங்கத்துக்குள் தனியாக நின்றார். சுற்றிலும் கல் படிகள். ஒரு சத்தம் இல்லை.

"இங்கேதான் படம் எடுக்கவேண்டும்" என்று அப்போதே முடிவு செய்துவிட்டார். அவர் தேடிப் போனது பாஸ்போர்ட்டை. கிடைத்தது ஒரு சினிமாப் படம்!

அது என்ன அரங்கம்?

பாம்பெய் நகரத்தின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. ஊர் முழுவதும் சாம்பலில் புதைந்தது. மக்கள் ஓடிய கோலத்திலேயே மடிந்தார்கள். பல நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் மண்ணைத் தோண்டி ஊரை வெளியே எடுத்தார்கள்.

அந்த அரங்கம் ஊர் அழிவதற்குச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பே கட்டியது. 20 ஆயிரம் பேர் உட்காரலாம். வாள் சண்டை வீரர்கள் அங்கே மோதுவார்கள்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். கி.பி. 59-ல், சண்டைக் காட்சி பார்க்க வந்தவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். பாம்பெய் ஊரார் ஒரு பக்கம். நுசேரியா என்ற பக்கத்து ஊரார் மறு பக்கம். முதலில் வாய்ப்பேச்சு. பிறகு கல் பறந்தது. பிறகு கத்தி! பலர் செத்தார்கள். அந்த அரங்கில் 10 ஆண்டுகளுக்குக் காட்சி நடத்தக்கூடாது என்று ரோமாபுரியில் உத்தரவு போட்டார்கள்.

ரசிகர் சண்டை அந்த மண்ணுக்குப் புதிது அல்ல!

வாசித்தது நிஜம்

1971 அக்டோபரில் படப்பிடிப்பு. லண்டனில் இருந்து வாத்தியங்களும் ஒலிபெருக்கிகளும் லாரியில் வந்தன.

"முன்பே பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு வாயை அசைக்கமாட்டோம். நிஜமாகவே வாசிப்போம்" என்பது குழுவினர் போட்ட நிபந்தனை. நல்ல நிபந்தனை. ஆனால், அதற்கு மின்சாரம் வேண்டுமே! இடிபாடுகளுக்கு நடுவில் இருந்த மின்சாரம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நாட்கள் வீணாயின. கடைசியில், நகரசபைக் கட்டடத்தில் இருந்து நீளமாகக் கம்பி இழுத்து வந்தார்கள்.

அதற்கு முன்புதான் உட்ஸ்டாக் என்ற இசை விழா அமெரிக்காவில் நடந்திருந்தது. 1969-ல் நடந்த அந்த விழாவில் 4 லட்சம் பேர் கூடினார்கள். அதன் படம் 1970-ல் வந்து சக்கைப்போடு போட்டது. பாட்டை விடக் கூட்டத்தைக் காட்டியே பெயர் வாங்கிய படம் அது. எல்லோரும் அதே மாதிரி எடுக்கக் கிளம்பினார்கள்.

மேபன் நேர் எதிர்த் திசையில் போனார். "கூட்டமே வேண்டாம்" என்றார்.

படத்தில் என்ன இருக்கிறது?

முதலில் காமிரா வெகு தூரத்தில் இருக்கிறது. பெரிய அரங்கம். நடுவில் எறும்பு போல நான்கு பேர். காமிரா மெல்ல மெல்ல நெருங்குகிறது. அவசரமே இல்லை. பாட்டு "எக்கோஸ்". எதிரொலிகள் என்று அர்த்தம். அந்தப் பாட்டின் இசைத்தட்டு அப்போது கடைக்கே வரவில்லை!

சூரியன் மறையும் நேரம். வாட்டர்ஸ் ஒரு பெரிய வட்டத் தாம்பாள மணியை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். ஆள் தெரியவில்லை. கறுப்பு உருவம்தான் தெரிகிறது. இந்தக் காட்சியின் போட்டோவைத்தான் ரசிகர்கள் சுவரில் மாட்டுகிறார்கள்.

இன்னொரு பாட்டில் டிரம் வாசிக்கும் மேசனையே காட்டுகிறார்கள். மற்றவர்களை எடுத்த படச்சுருள்கள் தொலைந்துபோனதுதான் காரணம். மேசன் புயல் மாதிரி அடிக்கிறார். கையில் இருந்த ஒரு குச்சி பறந்துவிடுகிறது. தாளம் தவறவில்லை. மறு கையால் அடித்தபடியே வேறு குச்சியை எடுத்துக்கொள்கிறார். நான் அந்த இடத்தை நாலு தடவை திருப்பிப் பார்த்தேன்.

ஒரு நாயும் பாடுகிறது! நாப்ஸ் என்ற பெண் நாய். சர்க்கஸ் குடும்பத்தில் வளர்ந்தது. ரைட் மைக்கை அதன் வாய் அருகே பிடிக்கிறார். கில்மோர் மவுத் ஆர்கன் ஊதுகிறார். நாய் தலையைத் தூக்கி ஊளையிடுகிறது. "இது என்ன கூத்து?" என்று சில ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். குழந்தைகளுக்கு இதுதான் பிடிக்கும்.

தாடியில் தெரிந்த ரகசியம்

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். பாம்பெய் படம் என்று பெயர். ஆனால், எல்லாம் பாம்பெயில் எடுத்தது அல்ல. நாள் போதாமல், பாதிப் பாட்டுக்களைப் பாரிஸ் நகரத்து ஸ்டூடியோவில் எடுத்துச் சேர்த்தார்கள்.

ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? பாம்பெயில் ரைட்டுக்குத் தாடி இருக்கிறது. பாரிசில் மழித்துவிட்டார்! ஒரு பாட்டில் தாடி உண்டு. அடுத்த பாட்டில் தாடி இல்லை.

இதற்காக யாரும் கோபிக்கவில்லை. சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

படம் 1972 செப்டம்பரில் எடின்பரோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. ஒரு மணி நேரப் படம். 1974-ல் இன்னும் கொஞ்சம் சேர்த்தார்கள். லண்டன் ஸ்டூடியோவில் குழுவினர் "சந்திரனின் இருண்ட பக்கம்" என்ற இசைத்தட்டுக்கு வேலை செய்யும் காட்சிகள். அந்தத் தட்டு 1973-ல் வந்து கோடிக்கணக்கில் விற்றது. நடுவில் காண்டீனில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மேசன், ஆப்பிள் பணியாரம் கேட்கிறார். ஓரம் இல்லாத துண்டுதான் வேண்டுமாம்! பெரிய மனிதரும் சாப்பாட்டில் குழந்தைதான்.

இதையும் ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

சண்டை வந்தது

2003-ல்தான் சண்டை. அந்த ஆண்டு படம் டி.வி.டி. தட்டாக வந்தது. "டைரக்டரே திருத்தி அமைத்தது" என்று விளம்பரம். ஆவலோடு வாங்கிப் போட்டுப் பார்த்தால்...

விண்வெளிக் காட்சிகள் வருகின்றன. கம்ப்யூட்டரில் வரைந்த பாம்பெய் கட்டடங்கள் எழும்பி நிற்கின்றன. பாட்டு நடக்கும்போது காமிரா எங்கெங்கோ பறக்கிறது.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். "யார் கேட்டது இதை?" என்றார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

மேபன் கட்சியிலும் நியாயம் உண்டு. அது அவர் எடுத்த படம். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர் அவர்தானே! பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருந்த படச்சுருள்கள் எரிக்கப்பட்டுவிட்டன என்று அவர் சொன்னார். புதிதாக ஏதாவது சேர்க்கவேண்டும் என்றால், பழைய காட்சி கைவசம் இல்லை. கம்ப்யூட்டரைத்தான் நாடவேண்டும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே தட்டில் பழைய ஒரு மணி நேரப் படத்தையும் வைத்திருந்தார். பிடிக்காதவர் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

"தகப்பன் பிள்ளைக்குச் சட்டை மாற்றிப் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரலாமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

நான் ரசிகர்கள் பக்கம்.

ஏன் என்று சொல்கிறேன். தாடியை மன்னித்தார்கள். பாரிசை மன்னித்தார்கள். நாயை மன்னித்தார்கள். காண்டீன் பணியாரத்தையும் மன்னித்தார்கள். விண்வெளியை மட்டும் மன்னிக்கவில்லை. இது வெறும் முரட்டுப் பிடிவாதமா? இல்லை. இந்தப் படத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று ரசிகர்களுக்குத் தெரிகிறது. அது அந்தக் காலி இடத்தில் இருக்கிறது.

20 ஆயிரம் பேர் உட்காரும் படிகளில் ஒருவரும் இல்லை. பாட்டு முடிகிறது. கைதட்டல் இல்லை. அந்த ஊர் மக்கள் என்ன ஆனார்கள் என்பது நமக்குத் தெரியும். யாரும் சொல்லாமலே நமக்கு அது நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில் டைரக்டர் வாயை மூடிக்கொண்டு இருந்தார். அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 1971-ல், 20 ஆயிரம் இடத்தையும் காலியாக விட அவருக்குத் துணிச்சல் இருந்தது. 2003-ல் அந்தத் துணிச்சல் இல்லை. வெறுமையைப் பார்த்துப் பயந்து, பொம்மைகளைக் கொண்டுவந்து நிரப்பினார்.

அழிந்த நகரத்தை நம் மனம் கட்டிக்கொள்ளும். கம்ப்யூட்டர் கட்டிக் கொடுத்தால், மனத்துக்கு வேலை இல்லை.

5 டப்பா

பிறகு ஒரு நல்ல காரியம் நடந்தது. குழுவின் சொந்தச் சேமிப்பு அறையில் 5 டப்பாக்கள் அகப்பட்டன. மேலே ஒட்டிய சீட்டு நம்பும்படி இல்லை. திறந்து பார்த்தால், படத்தின் மூல நெகடிவ்!

ஒவ்வொரு படமாகத் துடைத்து, கீறல் நீக்கி, நிறம் சரி செய்தார்கள். ஸ்டீவன் வில்சன் என்பவர் ஒலியைச் சீர்ப்படுத்தினார். அவரும் இதே வகை இசையில் பெயர் பெற்றவர். 2025 ஏப்ரலில் தியேட்டர்களில் வெளியிட்டார்கள். விண்வெளி இல்லை. பொம்மைக் கட்டடம் இல்லை.

இதிலும் முணுமுணுப்பு உண்டு. "ஒலி மிகவும் சுத்தமாகிவிட்டது. பழைய கரகரப்பில் ஒரு ருசி இருந்தது" என்கிறார்கள் சிலர். அதை நான் ஒப்பவில்லை. கரகரப்பு குழுவினர் வாசித்தது அல்ல. பழைய சுருளும் பழைய தியேட்டரும் சேர்த்தது. தூசியைத் தட்டுவது வேறு, சுவரில் புதுப் படம் வரைவது வேறு. முன்பு தெரியாத கல்லும் புல்லும் இப்போது தெரிகின்றன. வாட்டர்சின் நெற்றி வியர்வை தெரிகிறது.

கூட்டமும் வந்தது

இன்னொரு தகராறும் உண்டு. 2016 ஜூலையில் கில்மோர் அதே அரங்குக்குத் திரும்பி வந்தார். இந்தத் தடவை தனியாகத் தம் குழுவுடன் வந்தார். இரண்டு இரவு கச்சேரி. இப்போது கேட்க ஆட்கள் இருந்தார்கள். வாள் வீரர்கள் மோதிய தரையில் ரசிகர்கள் நின்று கேட்டார்கள். விளக்குகள் ஜொலித்தன. அதுவும் படமாக 2017-ல் வந்தது.

"எது உசத்தி?" என்று ரசிகர்கள் மோதிக்கொள்கிறார்கள். புதிய படத்தில் வெளிச்சம் அதிகம், ஒலி பிரமாதம், பாட்டும் அதிகம். கூட்டம் ஆரவாரம் செய்வது சிலருக்குப் பிடித்திருக்கிறது. பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. கில்மோருக்கு அப்போது வயது 70. விரல் தளரவில்லை.

மேசன் குச்சியைப் பறக்கவிட்டாரே, அந்தப் பாட்டை கில்மோர் மறுபடியும் வாசித்தார். ஆனால், "எக்கோஸ்" பாட்டை வாசிக்கவில்லை. அந்தப் பாட்டில் கில்மோரின் குரலும் ரைட்டின் குரலும் இணைந்து வரும். ரைட் 2008-ல் காலமாகிவிட்டார். ரைட் இல்லாமல் அதை வாசிக்க கில்மோருக்கு மனம் வரவில்லை.

"எக்கோஸ்" கேட்கவேண்டும் என்றால் பழைய படத்துக்குத்தான் போகவேண்டும். படம் முடிவதும் அந்தப் பாட்டில்தான். காமிரா மெல்லப் பின்னால் போகிறது. நான்கு பேரும் சிறுத்துக்கொண்டே வருகிறார்கள். தாடியோடு ரைட் ஆர்கனில் குனிந்திருக்கிறார். சுற்றிலும் காலிப் படிகள்.